முப்பத்தெட்டு வீட்டுப் பரீட்சை

பஞ்சாலை பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவள் இல்லை. ஆனால் பரீட்சைக்கு மார்க்கு உண்டு, மார்க்கு குறைந்தால் பிள்ளை திரும்பி வந்து தன்னைப் போலவே முதுகில் பம்பு டின்னைக் கட்டிக்கொண்டு புல் சாக மருந்து அடிக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருசம் மருந்து அடித்ததில் அவளுக்குக் கைநகம் நாலு கழன்று விழுந்திருந்தது. மகளுடைய நகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு குளிரும்.

தொண்ணூற்று நாலாம் வருசம். கோலா சாவாவுக்குப் பக்கத்தில் அவர்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தை கோல்ஃப் திடல் கட்டுகிற கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். முப்பத்தெட்டுக் குடும்பமும் லயத்து வரிசை வீடுகளைக் காலி பண்ண வேண்டும் என்று ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. அந்தக் களேபரத்தில்தான் கோலாலம்பூரில் கடைசி வருசம் படித்துக்கொண்டிருந்த மகள் வள்ளிநாயகி ஒரு கட்டுத் தாளோடு வந்து இறங்கினாள்.

"இது என்னாம்மா படிப்பு?" என்று பஞ்சாலை கேட்டாள்.

"நீடித்த வளர்ச்சிம்மா. அரசியல், பொருளாதாரம், சட்டம், மூணு பக்கமா வச்சு ஆராயணும். இன்னைக்கு இருக்கறவங்க எடுத்துக்கறப்போ நாளைக்கு வர்றவங்களுக்கும் மிச்சம் வைக்கணும்லா, அதான். வீடு வீடாப் போயி கேள்வி கேட்டு எழுதிக்கணும். இத வச்சுத்தான் எனக்கு மார்க்கு."

கடைசி வார்த்தை மட்டும் பஞ்சாலையின் காதில் நின்றது. மற்றதெல்லாம் வந்த வழியே போய்விட்டது.

அந்தத் தோட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. வெளியிலிருந்து எவன் பேப்பரோடு வந்தாலும் முந்தின நாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போதே, வேலை வாங்குகிற மண்டோர் சொல்லிவிடுவார். கேட்டால் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லணும், தண்ணி நல்ல தண்ணி, வீடு நல்ல வீடு. நாலு தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பாட்டு அது. இந்த முறை மண்டோர் வாயைத் திறக்கவில்லை. தோட்டமே கைமாறிய பிறகு அவருக்கு என்ன வந்தது? பஞ்சாலைதான் கிளம்பினாள். வேலை முடிந்து குளிக்கக்கூட இல்லை, மகளுக்கு முன்னால் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"புள்ளைக்குப் பரீட்சை. கேக்கறதுக்கெல்லாம் நல்லதாச் சொல்லிருங்க. குறை சொன்னா அவளுக்கு மார்க்கு போயிரும்."

பக்கத்து வீட்டுத் தாயம்மா தயங்கினாள். அவளும் மருந்து அடிக்கிறவள்தான். இரண்டு கருக் கலைந்து, பிள்ளை இல்லாமலே போனவள். பஞ்சாலை வேலைக்காட்டுக்குப் போக, தான் வீட்டில் இருந்த நாளெல்லாம் வள்ளிநாயகியை இடுப்பில் வைத்து வளர்த்ததும் அவள்தான்.

"மருந்தால உடம்புக்கு ஒண்ணும் இல்லைன்னா சொல்லச் சொல்ற?"

"ஒரு தடவைக்குத்தானே தாயம்மா. புள்ளைக்காக."

புள்ளைக்காக என்றதும் தாயம்மா இளகிவிட்டாள். லயமே இளகிவிட்டது. ஓடைத் தண்ணி சுத்தமா? சுத்தம். மருந்தால் நோய் உண்டா? இல்லை. வேறு இடம் போனால் வாழ்க்கை உயருமா? உயரும். முப்பத்தெட்டு வீட்டிலும் இதே பதில், கீழே கையெழுத்து அல்லது ரேகை.

மூன்றாம் நாள் வள்ளிநாயகி பேனாவை மூடினாள். "எல்லாரும் ஒண்ணு போலச் சொல்றாங்களேம்மா."

"ஒரே தோட்டம், ஒரே தண்ணி. வேற எப்படிச் சொல்லுவாங்க?"

வள்ளிநாயகி அம்மாவின் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கடைசித் தாளையும் கட்டோடு சேர்த்துக் கட்டினாள். கேள்வி கேட்க அனுமதி கொடுத்த தோட்ட ஆபீசுக்குப் பதில் தாள்களோடு ஆய்வின் ஒரு பிரதி தருவதாக எழுதிக் கொடுத்திருந்தாள், முடித்ததும் அனுப்பிவைத்தாள். தோட்ட ஆபீஸ் அதைப் புதுக் கம்பெனிக்குக் கொடுத்தது.

காலி பண்ண மாட்டோம் என்று லயத்து ஆட்கள் போட்ட வழக்கு எட்டு மாசம் கழித்து சிரம்பானில் விசாரணைக்கு வந்தது. பால்வெட்டுக்காரர் நல்லசாமிதான் அலையாய் அலைந்து வழக்கை அதுவரை கொண்டுவந்திருந்தார். மருந்து உடம்பைக் கெடுத்தது, ஓடை கெட்டுப்போனது, அதனால் தோட்டத்து மூலையில் குடும்பத்துக்கு ஒரு வீடு வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. கம்பெனி வக்கீல் மறுத்துப் பேசவே இல்லை. அந்த முப்பத்தெட்டுத் தாளின் நகலை மேசையில் வைத்தார்.

"அது அந்தப் புள்ளையோட பரீட்சைக்காகச் சொன்னதுங்க" என்றார் நல்லசாமி.

"அப்படியா? அந்தப் பெண்ணின் தாயாரையே கேட்டுவிடலாமே."

பஞ்சாலை எழுந்து நின்றாள். வக்கீலும் தமிழர்தான், அழகாகப் பேசினார்.

"அம்மா, இதெல்லாம் பொய்யென்றால் உங்கள் மகளின் ஆய்வும் பொய். நாங்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டிவரும். நிதானமாகச் சொல்லுங்கள். இதில் இருப்பது உண்மைதானா?"

பஞ்சாலை திரும்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் தாயம்மாவும் லயத்து ஆட்களும். மறுபக்கம், கம்பெனி ஆட்களுக்குப் பின்வரிசையில், நல்ல சேலை கட்டி, வள்ளிநாயகி. வந்திருப்பதே பஞ்சாலைக்குத் தெரியாது. மகள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பாவி மகளே, ஒரு வார்த்தை நீ எழுந்து சொல்லக் கூடாதா என்று பஞ்சாலை உள்ளுக்குள் கேட்டாள். மருந்து பம்பு முதுகில் ஏறின மாதிரி அவளுக்குத் தோள் கனத்தது.

"உண்மைதாங்க" என்றாள்.

விசாரணை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வீடு கிடையாது, மாசக் கடைசிக்குள் லயத்தைக் காலி பண்ண வேண்டும்.

வெளியே மகளை எட்டிப் பிடித்தாள் பஞ்சாலை. "ஒன் படிப்புக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? நான் சரியாச் சொன்னேன்ல?"

"அதுக்கு எப்பவோ மார்க்கு போட்டாச்சும்மா. போன மாசமே பட்டம் குடுத்துட்டாங்க."

"அப்ப எதுக்குடி அங்க போயி உக்காந்திருந்த?"

"நான் இப்ப அந்தக் கம்பெனியிலதான் வேலை பாக்கறேன். சுற்றுச்சூழல் பகுதி." வள்ளிநாயகி கைப்பையைத் திறந்து மூடினாள். "நீங்க பொய்னு சொல்லியிருந்தா வேலை போயிருக்கும். அவ்வளவுதான். பட்டம் போகாது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க உண்மையச் சொல்லியிருப்பீங்க."

அவளுக்காகக் கம்பெனி வேன் காத்திருந்தது. அம்மாவை ஏறச் சொல்லி அவள் கேட்கவில்லை.

தோட்டத்துக்குத் திரும்புகிற ரந்தாவ் பஸ்ஸில் யாரும் பஞ்சாலைக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. நல்லசாமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் பாதி தூரம் போன பிறகு தாயம்மா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள், திட்டட்டும், அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று பஞ்சாலை காத்திருந்தாள். தாயம்மா அவளுடைய நகமில்லாத கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நம்ம புள்ளைக்கு மார்க்கு வந்துருச்சா, பஞ்சாலை?"