அந்த ஷாட்டை எங்கே ஒட்டுவது

1.

இந்தக் கதை வானத்திலிருந்து குதிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு சிறுபத்திரிகைக்காரர் ராயபுரத்துக்கே தேடி வந்து, "பேய்ப்படங்களைப் பற்றி ஏதாவது எழுதுங்களேன். நீங்கள்கூட எழுபத்து மூன்றில் ஒரு படம் எடுத்தீர்களாமே" என்றார். கட்டுரை என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று வரி தாண்டுவதற்குள் தாவூது வந்துவிட்டான். செத்து ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் சொல்லாமல் கொள்ளாமல்தான் வருகிறான்.

ஆக, அவன் இறந்துபோனது உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. அதை ஒளித்துவைத்து உங்களை மிரட்டும் உத்தேசம் எனக்கில்லை. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அவன் சாவுக்கு நான் காரணமா, இல்லையா?

என் பெயர் சிலுவைமுத்து. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் குமாஸ்தா. தாவூது வண்ணாரப்பேட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தான். எனக்கு அவன்மேல் காதல், அவனுக்கும் என்மேல். இந்த ஒரு வரிக்கு ஏழு காகிதம் கிழித்தாயிற்று. எங்களைப் போன்றவர்களுக்கு ஊரில் புழங்கும் வார்த்தைகள் எல்லாம் கக்கூஸ் சுவரில் எழுதுகிறவை. அதனால் காதல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2.

முதல் ஆரம்பம்: "அன்று ஞாயிற்றுக்கிழமை. காசிமேட்டுக் கடல் —"

[கடல் எப்படி இருந்தது என்று சத்தியமாக நினைவில்லை. நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரியை அடித்துவிட்டேன்.]

இரண்டாவது ஆரம்பம்: "கஸ்பார் என்றொரு வாலிபன் இருந்தான். அவனுக்கு ஒரு சிநேகிதன் —"

[கஸ்பார் என்று யாரும் கிடையாது. என் தப்பைச் சுமக்க ஓர் ஆளைப் பிடித்துவந்தேன். மூன்றாம் பக்கத்திலேயே அவன் என்னைவிட நல்லவனாகிவிட்டான். போகச் சொல்லிவிட்டேன்.]

சரி, ஷாட்டிலிருந்தே தொடங்குகிறேன். பணக்காரக் கல்யாணங்களுக்கென்று ஸ்டுடியோ முதலாளி ஒரு பதினாறு எம்.எம். கேமரா வைத்திருந்தார். சாவி கொடுத்தால் ஓடுவது. ஒரு முறை கொடுத்தால் இருபத்தைந்து விநாடி. கல்யாணங்களில் மிஞ்சிய துண்டு ஃபிலிம்களைச் சேர்த்துத்தான் ஞாயிறு ஞாயிறாகப் படம் எடுத்தோம். அன்று நாங்கள் இருவர் மட்டும். தாவூது பாறாங்கல் கரையில் ஸ்டாண்டை நட்டான், சாவி கொடுத்தான், பொத்தானைப் பூட்டினான், ஓடிவந்து என் வலது கையைப் பிடித்தான்.

"நட மாமு. திரும்பாத. சாவி தீர்ற வரிக்கும் நடக்கணும்."

நடந்தோம். பின்னாலிருந்து கிர்ரென்று கேட்டுக்கொண்டிருந்த கேமரா சத்தம் ஓய்ந்தது.

"நின்னுடுச்சுடா" என்றேன்.

"எனுக்குக் கேக்கல" என்றான். கையை விடவில்லை.

3.

படத்தின் பெயர் 'கந்தகக் கப்பல்'. கதை அவனுடையது. கந்தகம் ஏற்றிவந்த கப்பலின் அடித்தட்டில் ஒரு துறைமுகக் கூலி விழுந்துவிடுகிறான். மூன்று வருஷம் கழித்துக் கரையேறுகிறான். அவனைத் தொட்டவர்கள் கையெல்லாம் வெந்துபோகிறது. ஊர் சேர்ந்து அவனைக் கொளுத்துகிறது. எல்லோரும் போனபின் புகைக்குள்ளிருந்து எழுந்து வருகிறான். ஓடாமல் நின்ற ஒரே சிநேகிதன் அவன் கையைப் பிடிக்கிறான். சுடவில்லை. இரண்டு பேரும் நடந்து போகிறார்கள். அந்த சிநேகிதன் நான்.

கந்தக மனிதன் தாவூது. மஞ்சளும் கடலைமாவும் குழைத்து முகத்தில் அப்பிக்கொள்வான். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மஞ்சள் எதற்கு என்றால், "பாக்குறவனுக்குத் தெரியாது. போட்டுக்கினவனுக்குத் தெரியணும்ல" என்பான். இரண்டு நாளைக்குப் போகாது. "இன்னாடா, ஒனுக்கே நீ மஞ்சா வெச்சிகினியா? பொண்ணு யாரு?" என்று அவன் அக்கா சபீஹா கேலி செய்வாள். அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான். நான் வாசல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இங்கிலீஷ் பேய்ப்படம் எது வந்தாலும் சேர்ந்து போவோம். ஒரு நாள் வெளியே வந்து டீ குடிக்கும்போது சொன்னான்: "நல்லா ரோசன பண்ணு மாமு. பேய் ஊரப் புடிக்கவா வருது? ஒர்த்தனத் தேடிகினு வருது. அதுவும் ஆம்பள, அவனும் ஆம்பள. அத்தப் பாத்துதான் ஊரு தீப்பந்தம் தூக்குது. எல்லாப் படத்துலயும் கடசீல சாவறது நாமதான். நம்ம படத்துல ஒண்டி சாவக் கூடாது."*

* பேய் என்றால் வெறும் பேய்தான் என்று அன்று அவனிடம் வாதாடினேன். இப்போது எந்தப் பேய்ப்படத்துக்குப் போனாலும் அவன் சொன்னதுதான் திரையில் தெரிகிறது. கட்டுரை கேட்டவருக்கு இந்த ஒரு பத்தி போதும், அவர் இத்தோடு எழுந்து போகலாம்.

4.

எங்கள் சர்ச் திருநாளுக்குக் கோயில் மைதானத்தில் படம் போட பங்குச் சாமியாரின் புரொஜக்டர் கிடைத்தது. சபை சார்பில் முன்கூட்டியே பார்க்க என் அக்கா புருஷன் லூயிஸ் வந்தார். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர், சூதுவாது தெரியாத மனுஷன்.

"நல்லாத்தான் கீது சிலுவ. ஆனா பேய் ஜெயிச்சிகினு போவுதே. திருநாளும் அதுவுமா கோயில் மைதானத்துல பேய் ஜெயிக்கலாமா? கடசீல செத்துச்சின்னு வெச்சிடு."

"சரி மாமா" என்றேன்.

கவனியுங்கள். கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நம் ஊரில் ஆம்பளைகள் கைகோத்து நடப்பதை யார் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்? ஷிஃப்ட் விட்டால் ஹார்பர் கேட்டில் பாதிப் பேர் சுண்டுவிரல் கோத்துக்கொண்டுதான் வருகிறார்கள். "மாமா, அது பேய் இல்ல, மனுஷன்" என்று சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே. காதலித்தது குற்றம் என்று நானே தீர்ப்பெழுதி வைத்திருந்தேன். அந்த இருபத்தைந்து விநாடி எங்களை ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன்.

அந்த ரக ஃபிலிமுக்கு நெகடிவ் கிடையாது. கேமராவில் ஓடிய சுருளேதான் கழுவப்பட்டுத் திரையிலும் ஓடும். வெட்டினால் வெட்டியதுதான். சனிக்கிழமை மத்தியானம் கத்தரிக்கோலை எடுத்தேன். முதுகுப் பக்கமிருந்து எடுத்த ஷாட், முகம் தெரியாது, எங்கே வைத்தாலும் பொருந்தும். கடைசியிலிருந்து வெட்டிப் படத்தின் தொடக்கத்தில் ஒட்டினேன். கப்பலில் விழுவதற்கு முன்னால் இரண்டு சிநேகிதர்கள் காற்று வாங்குகிறார்கள், அவ்வளவுதான். புகைக்குள்ளிருந்து எழுந்து வரும் துண்டை அவன் கரையேறும் இடத்தில் சேர்த்தேன். இப்போது படம் தீயில் முடிந்தது. ஒரு ஃபிரேம்கூட வீணாகவில்லை.

தாவூதிடம் சொல்லவில்லை.

5.

மறுநாள் ராத்திரி மைதானத்தில் படம் ஓடியது. ஊமைப்படம் என்பதால் நான்தான் மைக்கில் கதை சொன்னேன். "இவங்க ரெண்டு பேரும் சின்ன வயசு சிநேகிதங்க" என்று ஆரம்பித்தேன். சபீஹாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாவூது திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு படம் முடியும்வரை திரும்பவில்லை. கடைசியில் அவன் சட்டையைப் போட்ட வைக்கோல் பொம்மை எரிந்தது. "பேய் ஒழிந்தது" என்றேன். ஜனம் கைதட்டியது. லூயிஸ் மாமா விசிலடித்தார்.

[இந்த இடத்தில் அவன் அழுதான் என்று எழுதியிருந்தேன். அழவில்லை. எனக்காக அழவைத்தேன்.]

புரொஜக்டர் அருகே வந்தான். "யாரு கொளுத்தச் சொன்னது? உங்க மாமாவா?"

"ஆமாம்."

"கைய எடுக்கச் சொன்னாரா?"

நான் மைக் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"அப்ப அது நீ" என்றான். சுருளைக் கழற்றி எடுத்துக்கொண்டு, சபீஹாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தச் சுருள் பிறகு யாருக்கும் கிடைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க நான் அவனைப் பார்க்கப் போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்று ஏழு நாளும் நினைத்தேன்.

6.

அடுத்த ஞாயிறு நடந்ததை எனக்குச் சொன்னது பூமாரி. பாறாங்கல் கரையில் நண்டு பொறுக்கும் அம்மாள்.

"அந்தத் தம்பி ஸ்டாண்ட நட்டுச்சு. சாவி குடுத்துச்சு. ஓடியாந்து கல்லு மேல நடந்துச்சு. ஒத்தையாதான். ஆனா நைனா, எடது கைய இப்டி நீட்டி வெச்சிகினே போச்சு. பக்கத்துல யாரோ கீறா மாதிரி. நான் கூடைய எடுக்கக் குனிஞ்சேன். நிமிந்து பாத்தா ஆளு இல்ல."

"அங்கே பாசி வழுக்குமா?"

"வழுக்குற கல்லும் கீது, வழுக்காத கல்லும் கீது. எனுக்குத் தெரியாது நைனா." கூடையைக் கீழே வைத்தாள். "ஸ்டாண்டு மேல இருந்த பொட்டிக்குள்ள இன்னா கீதுன்னு மூடியத் தொறந்து பாத்தேன். சுருளுதான் இருந்துச்சு. தப்பு பண்ட்டேனா?"

"இல்லம்மா" என்றேன். வெளிச்சம் பட்ட ஃபிலிம். ஸ்டுடியோக்காரர் கழுவிப் போட்டுக் காட்டினார். இருபத்தைந்து விநாடியும் வெள்ளை.

மூன்றாம் நாள் தாவூது எண்ணூர்ப் பக்கம் கரை ஒதுங்கினான். கபரஸ்தானில் மூன்று பிடி மண் போட என்னையும் விட்டார்கள். "சின்ன வயசு சிநேகிதன்" என்று அவன் மாமா யாரிடமோ சொன்னார். நான் மைக்கில் சொன்ன அதே வார்த்தை.

7.

முடிவு ஒன்று: கல் வழுக்கியது. படத்துக்கு முடிவை மறுபடி எடுக்க வந்தவன் சாகவா வருவான்? நான் தப்பித்தேன்.

முடிவு இரண்டு: அவனாகத்தான் இறங்கினான். அந்த ஷாட்டுக்கு இரண்டு பேர் வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே நான் —

முடிவு மூன்று எழுதுவதற்காக முழுவதையும் முதலிலிருந்து படித்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. நாங்கள் கைகோத்து நடந்ததை இரண்டாம் பகுதியில் வைத்திருக்கிறேன். இங்கேயும் முன்னால். இங்கேயும் கடைசியில் அவன்தான் சாகிறான். ஆறு வருஷத்தில் நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

வெட்டி இங்கே ஒட்டிவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். கை வரவில்லை. ஒட்டினால் உங்களிடமும் மைக் பிடித்தவனாகிவிடுவேன்.

காகிதம் இப்போது உங்கள் கையில். இரண்டாம் பகுதியை எங்கே வைத்துப் படிப்பீர்களோ, அது உங்கள் பாடு. அதற்குமுன் ஒன்றே ஒன்று. அவன் நீட்டியிருந்தது இடது கை என்று பூமாரி சொன்னாள் அல்லவா? நான் எப்போதும் அவனுக்கு இடது பக்கத்தில்தான் நடப்பேன்.