மஞ்சள் கட்டத்துக்குள் கோல்

மோசஸ் கும்மிடிப்பூண்டியில் பம்ப் செய்கிற கம்பெனி ஒன்றில் ஏழு வருஷமாக கான்ட்ராக்ட் ஆள். அவன் பள்ளிக்கூட நாளில் ஹாக்கி ஆடியவன் என்று எச்.ஆர். வீரராகவன் சாரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். கம்பெனி தத்தெடுத்திருந்த ஆரம்பாக்கம் பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, சனிக்கிழமைதோறும் கோல் அடிக்கச் சொல்லித்தரும் வேலை அவன் தலையில் விழுந்தது.

"பள்ளிக்கூடப் போட்டியில பசங்க உன் பேரைக் காப்பாத்தட்டும், பர்மனென்ட் லிஸ்ட்ல உன்னைச் சேர்க்கிறேன்" என்றார் சார்.

மோசஸுக்குத் தெரிந்தது கம்பெனி வழி: எது எங்கே இருக்கவேண்டும் என்று தரையில் மஞ்சள் கட்டம் போட்டுவிடுவது. பிரேயர் நடக்கிற சிமெண்டுத் தரையில் மஞ்சள் டேப் ஒட்டினான். கால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், பந்துக்கு ஒரு வட்டம்.

"கால் கட்டத்துல கீதா?"

"கீது சார்."

"பந்து வட்டத்துல கீதா?"

"கீது சார்."

"அப்ப அடி."

கட்டத்துக்கு வெளியே நின்று அடித்தால் கோல் செல்லாது, வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். மூன்றே மாதத்தில் பத்துக்குப் பத்து விழுந்தது. நாலாம் வகுப்பு பூமிகா கண்ணை மூடிக்கொண்டே அடித்தாள்.

சுமலதா டீச்சர் மட்டும் கேட்டாள். "ஓடியாற பந்தை எப்ப சார் சொல்லித் தருவீங்க?"

"மொதல்ல குவாலிட்டி வரட்டும் டீச்சர். மத்தது தானா வரும்."

போட்டி பொன்னேரியில், மண் தரையில். பந்து பூமிகாவிடம் உருண்டு வந்தது. நிறுத்தினாள். கோல் நாலடி தூரம்தான். அவளோ குனிந்து சுற்றிலும் தேடினாள்.

"இன்னாடி தேடிக்கினு கீற, அடிடி" என்றாள் கூட ஆடிய ஏஞ்சல்.

"கட்டத்தக் காணோம்டி."

அதற்குள் எதிரணிப் பிள்ளை பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. அடுத்து ஏஞ்சலிடமே வந்தது. அவளும் தேடினாள்.

மோசஸ் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தினான். "கட்டம் வேணாம், அப்டியே அடிமா."

"செல்லாதுன்னு நீதான சார் சொன்ன?" என்றாள் ஏஞ்சல்.

ஏழுக்குப் பூஜ்யம். பர்மனென்ட் போச்சு என்று தலையைத் தொங்கப்போட்டு நின்றவனிடம் வீரராகவன் சார் வந்தார்.

"ஏழு கோல் வாங்கியும் ஒரு பிள்ளைகூட நீ சொன்னதை மீறலையேப்பா. நம்ம பம்ப் லைன்ல வேலை செய்யறவன்ல அப்படி ஒருத்தன் இருக்கானா? ஒண்ணாம் தேதியிலருந்து நீ பர்மனென்ட். புது ஆளுங்களுக்கு நீதான் டிரெய்னிங்."

திரும்பும்போது வேனில் பிள்ளைகள் அழுதுகொண்டு வந்தார்கள். மோசஸ் எவ்வளவு அடக்கியும் வாய் காதுவரை போனது.

"நாங்க தோத்ததுக்கா சார் சிரிக்கிற?" என்றாள் பூமிகா.

"இல்லமா, பல்லு வலி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.