ஜோகுபாளையம் வாசிகள் கவனத்துக்கு

ரெமிஜியஸுக்குத் தொட்டதெல்லாம் சந்தேகம். பால்காரன் சிரித்தால் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறான். சிரிக்காவிட்டால் இன்னும் நிறையக் கலந்திருக்கிறான். இப்படிப்பட்ட மனுஷரைத் தேடிப் பிடித்து, யுத்தம் நடந்த நாற்பத்திரண்டாம் வருஷம், பெங்களூர் தண்டில், அதாவது கண்டோன்மெண்டில், தமிழ்ப் பத்திரிகைகளை அச்சுக்குப் போகுமுன் படித்து வெட்டுகிற வேலையில் உட்கார வைத்திருந்தது சர்க்கார். கையில் ஒரு நீலப் பென்சில். அது அடித்த வரி அச்சில் வரக் கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை, 'தண்டுச் செய்தி' ஆசிரியர் நாணு அந்த வாரத்துப் புரூஃபைக் கொண்டுவந்து வைத்தார். மூன்றாம் பக்கத்தில் 'ஜோகுபாளையம் வாசிகள் கவனத்துக்கு' என்று தடித்த எழுத்தில் தலைப்பு. கீழே நாலே வரி: பெரிய கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கவும், மூன்று வீடுகளில் வாந்திபேதி கண்டிருக்கிறது.

ரெமிஜியஸுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"கொதிக்க வைக்கணுமா? எத? தண்ணியயா, ஜனங்களயா?"

"அட கடவுளே! தண்ணியத்தான் சார்."

"மூணு வீடுன்னா எந்த மூணு வீடு? பேர் இல்ல, நம்பர் இல்ல. போன வாரம் போராட்டக்காரங்க தந்திக் கம்பிய அறுத்ததும் மூணு எடத்துல. நான் என்ன மடையனா?"

"பேர் போட்டா அந்த வீட்டுப் பக்கம் ஒருத்தரும் போக மாட்டாங்க சார். நானே நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் எழுதினேன்."

ரெமிஜியஸின் மகள் டோரீன் அதே ஜோகுபாளையத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். போன ஞாயிறு மாதா கோயில் பூசைக்கு வந்தவள் பேதி என்று மூச்சு விடவில்லை. ஆக, செய்தி பொய். பொய்யென்றால் சங்கேதம். என்ன மூளை பாருங்கள்! நாலு வரியையும் நீலத்தால் அடித்துத் தள்ளினார்.

"வாயால சொல்லிட்டுத் திரிஞ்சாலும் வதந்தி கேஸ்தான். ஜாக்கிரத."

நாணு புரூஃபைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் பத்திரிகை வந்தது. தலைப்பு அப்படியே இருந்தது. அதன் கீழே நாலு வரி உயரத்துக்கு வெறும் வெள்ளை. நீலப் பென்சில் தலைப்பை அடிக்க மறந்திருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் டோரீன் பத்திரிகையும் கையுமாக வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அவள் இடுப்பிலிருந்த நாலு வயசு மௌரீன் தாத்தாவின் தோளுக்குத் தாவினாள்.

"அப்பா, எங்க பாளையத்துப் பேரப் போட்டுட்டுக் கீழ ஒண்ணுமே இல்ல. என்னப்பா அது? எங்கள எல்லாம் காலி பண்ணிட்டு மிலிட்டரிக்கு எடம் எடுக்கப் போறாங்களாமே? ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு வேற சொல்றாங்க. பக்கத்து வீட்டு பாகீரதியம்மா பாத்திரத்த எல்லாம் மூட்ட கட்டிட்டாங்க. தெருவுல வேற பேச்சே இல்ல."

தன் பென்சில் ஒரு பாளையத்தையே ஆட்டி வைக்கிறது என்பதில் ரெமிஜியஸுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"ஆபீஸ் விஷயம்மா. பெத்த மககிட்டயும் சொல்லக் கூடாது."

அங்கே யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! கேட்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் ஆபீஸுக்கு ஆள் வந்து, மௌரீனுக்கு விடிகாலையிலிருந்து வாந்திபேதி என்றான். டாக்டருக்குச் சொல்லியனுப்பிவிட்டு ரெமிஜியஸ் தலைதெறிக்க ஓடினார். பாயில் துவண்டு கிடந்த குழந்தையின் வாயருகே டோரீன் டம்ளரைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். அதைப் பிடுங்கினார்.

"எந்தத் தண்ணி இது?"

"பெரிய கெணத்துத் தண்ணிதான். ஏன்ப்பா?"

"காய்ச்சு. காய்ச்சாம ஒரு சொட்டு குடுக்காத."

டோரீன் அவருடைய மகளாயிற்றே. டம்ளரைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

அலமாரித் தட்டில் அந்தப் பத்திரிகை கிடந்தது. டோரீனின் கண் அங்கே போய்த் திரும்பியது.

"இதுதான் அதுல இருந்துதா?"

ஆமென்று தலையை ஆட்டினார்.

"நீங்க எப்பப் படிச்சீங்க?"

"வெள்ளிக்கெழம."

"ஞாயித்துக்கெழம இவ உங்க தோள்லதாம்ப்பா இருந்தா," என்றாள் டோரீன். சத்தம் போட்டு ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

டாக்டர் வந்து குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்ததும், ரெமிஜியஸுக்கு உள்ளே நிற்க முடியவில்லை. தெருவில் இறங்கினார். வதந்தி கேஸாவது மண்ணாவது! முதல் வீடு பாகீரதியம்மாளுடையது. கதவைத் தட்டினார், தட்டினார். கதவு ஒரு சாண் திறந்தது.

"அம்மா, கெணத்துத் தண்ணிய அப்படியே குடிக்காதீங்க. கொதிக்க வச்சுக் குடிங்க. வாந்திபேதி பரவுது."

பாகீரதியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சும்மா பயமுறுத்தாதீங்க சாமி. அப்படி ஏதாவது இருந்தா பேப்பர்ல போட்டிருக்க மாட்டாங்களா?"