அடுத்த கோபுரத்துப் புகை

ஒரு மீனைச் சுடப்போய் ரோம சாம்ராஜ்யத்தின் எல்லையையே உலுக்கிய பெருமை உர்சோவைச் சேரும். காவல் கோபுரத்தின் உச்சியில், காற்றுக்கு மறைவு என்று அபாயப் புகைக்கான வைக்கோல் போருக்குப் பக்கத்திலேயே அடுப்பை மூட்டினான். பொறி பறந்தது. மேலங்கியால் அடித்து அணைக்கப் பார்த்தான்; விசிறிவிட்டதுதான் மிச்சம். உறைந்து கிடந்த டான்யூப் ஆற்றுக்கு மேலே கரும்புகை நெடுநெடுவென்று எழுந்தது.

தலைவர் பட்டர்னுஸ் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"எதிரி எங்கடா?"

"எதிரி இல்ல தலைவரே. மீன்."

உர்சோ முதுகைத் தயாராக வைத்திருந்தான். அடி விழவில்லை. தலைவர் மேற்கே, ஆற்று வளைவில் நின்ற அடுத்த கோபுரத்தையே பார்த்தார். இங்கே புகைந்தால் அங்கே உடனே பதில் புகை எழ வேண்டும். பின்னாலேயே உதவிப் படை வரும்.

"சில்வானுஸ் இதைச் சொல்லியே என்னை வருஷம் பூரா ஓட்டப்போறான்" என்றான் உர்சோ.

சில்வானுஸ் அந்தக் கோபுரத்துச் சமையல்காரன். உர்சோ அவன் முகத்தைப் பார்த்ததில்லை. மாதம் ஒருமுறை தனியாக அங்கே போய்வரும் தலைவர்தான் அவனுடைய பல்வலியையும் கிண்டலையும் சுமந்து வருவார். பதிலுக்கு உர்சோ நாலு வசவும் ஒரு பாலாடைக்கட்டியும் கொடுத்தனுப்புவான்.

பதில் புகை எழவில்லை.

அக்கரையில், எல்லை தாண்டக் காத்திருக்கும் ரூகியர்களின் குதிரைகள் வந்து நின்றன. முதலில் நாலு. பிறகு இருபது. அவர்களும் மேற்கேதான் பார்த்தார்கள்.

"ஏன் தலைவரே இன்னும் புகை வரல?"

"வைக்கோல் நனைஞ்சிருக்கும்."

"அங்க ஆள் இருக்காங்கல்ல?"

"மீனைத் திருப்பிப் போடு. கருகுது."

ஒரு ரூகியன் குதிரையை விட்டு இறங்கி, ஈட்டிக் காம்பால் பனிக்கட்டியைத் தட்டிப் பார்த்தான். தாங்கியது. இரண்டடி முன்னால் வந்தான்.

உர்சோ கீழே பார்த்தான். கோபுரத்தடியில் இருந்த கோட்டை முற்றத்தில் அவன் மனைவி யூஸ்டா நாலு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தெற்கு வாசல் திறந்திருந்தது. இப்போதே கிளம்பினால் இருட்டுவதற்குள் மலையைத் தாண்டிவிடலாம். படை வருவதாயிருந்தால் கோட்டைதான் பத்திரம். இந்தக் குளிரில் குழந்தையோடு மலையேறுவது பைத்தியக்காரத்தனம்.

"தலைவரே, அடிக்கிறதுன்னா அப்புறம் அடிங்க. யூஸ்டாவைப் போகச் சொல்லவா, இருக்கச் சொல்லவா? அங்க ஆள் இருக்கா, இல்லையா?"

பட்டர்னுஸ் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"இல்லடா. மூணு குளிர்காலமா ஒருத்தனும் இல்ல. இத்தாலியில யாரைச் சக்கரவர்த்தி ஆக்குறதுன்னு சண்டை, அதுக்கு எல்லாரையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. உங்ககிட்ட சொல்லியிருந்தா மறுநாளே கோட்டை காலி. சில்வானுஸும் இல்ல, அவன் பல்லும் இல்ல. பாலாடைக்கட்டிய நான்தான் தின்னேன். போ, அவங்களை அனுப்பு."