இரண்டு ரப்பர் தவளைகள்

தொழிற்சாலைகளில் இருக்கும் நுண்ணிய தராசுகளைச் சரிபார்க்க ஊர் ஊராகப் போவதுதான் அவள் வேலை. போன முறை தன் இரட்டைக் குழந்தைகளுக்கு வாங்கி வந்த பந்துகளில் ஒன்று கொஞ்சம் பெரிதாக இருந்துவிட்டது. மூன்று நாள் வீடு வீடாக இல்லை.

"இந்தத் தடவையும் வித்தியாசம் இருந்துச்சுன்னா நீயே சமாதானம் பண்ணு, என்னை விட்டுடு" என்று கணவன் போனில் கைகழுவிவிட்டான்.

அதனால் வேலை முடிந்ததும், வாங்கி வைத்திருந்த எட்டு ரப்பர் தவளைகளையும் சரிபார்த்த தராசிலேயே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஒரே ஒரு மில்லிகிராம் வித்தியாசத்தில் இரண்டு கிடைத்தன.

வீட்டில் பிள்ளைகள் அவற்றை முதுகோடு முதுகு நிறுத்திப் பார்த்தார்கள். குறை ஒன்றும் அகப்படவில்லை.

ஏழு நிமிடம் மூத்தவளான பெரியவள் கேட்டாள்: "எதைம்மா முதல்ல எடுத்தே?"

"ரெண்டையும் ஒண்ணாத்தான்டி எடுத்தேன், ரெண்டு கையால."

"அப்ப சோத்துக்கையில எடுத்தது எனக்கு" என்றான் சின்னவன்.

"ஆசைதான்! நான்தான் மூத்தவ!"

கணவன் மெல்லச் சமையலறைக்குள் நழுவினான்.

அவள் தவளைகளை வாங்கி, முதுகுக்குப் பின்னால் நாலைந்து முறை கைமாற்றி, முன்னால் நீட்டினாள்.

"இப்ப எது எந்தக் கையில எடுத்ததுன்னு சொல்லுங்க."

இரண்டு பேரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"உனக்காவது தெரியுமா?" என்றாள் பெரியவள்.

"சத்தியமா தெரியாதுடி."

உண்மைதான். இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கவே அந்தத் தராசுக்குத்தான் திரும்பப் போக வேண்டும்.

"அப்ப எதுவா இருந்தா என்ன?" என்று சின்னவன் கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டு ஓடினான்.