வாடை அடங்கும் வரை

"முதல்ல ஜன்னலைச் சாத்து" என்றாள் எதிர்வீட்டு நர்ஸ்.

தையல்காரி ஜன்னலைச் சாத்திவிட்டுக் கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டாள். உச்சி வெயில் நேரம். கூடத்துத் தரையில் அவள் புருஷன், வெல்டர், மல்லாந்து கிடந்தான். படியேறும்போது சறுக்கிப் பின்மண்டை மோதிவிட்டது. ரத்தம் அதிகமில்லை, ஒரு கைக்குட்டையோடு நின்றுவிட்டது. அறை முழுக்கச் சாராய வாடை.

"ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமாக்கா?"

"கூப்பிடலாம். எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவருவாங்க. வாடை அடிச்சா போலீசுக்கு எழுதியாகணும். எழுதலைன்னா எங்க வேலை போயிடும். இவருக்கு இது ரெண்டாந்தடவை வேற."

இரண்டாந்தடவை என்றால் மூன்று வருஷம். யாரையும் அடித்திருக்க வேண்டாம், வண்டி ஓட்டியிருக்க வேண்டாம். குடித்திருந்தது தெரிந்தாலே போதும். முன்பெல்லாம் அபராதத்தோடு விட்டுவிடுவார்கள். போன வருஷம்தான் சட்டத்தை முறுக்கினார்கள். அப்படி முறுக்கச் சொல்லி ஊர்வலம் போன பெண்களில் தையல்காரியும் ஒருத்தி. புருஷன் குடியை விட்டால் போதும் என்று தொண்டை கட்டக் கத்திவிட்டு வந்தாள். சட்டம் வந்த மாதமே அவன் மாட்டிக்கொண்டான். ஆறு மாதம் உள்ளே இருந்தான். பட்டறை வேலை போயிற்று. வெளியே வந்ததும் குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கலாம் என்று அவள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அந்தப் பிரிவை மூடியிருந்தார்கள். சிறையில் இடம் போதாமல் அந்தக் கட்டடத்தில் கைதிகளை அடைத்திருந்தார்கள். அவன் மறுபடி குடித்தான், இந்தத் தடவை ஒளிந்து.

"குறட்டை விடறாரு பாரு, நல்லாத்தான் தூங்கறாரு" என்றாள் நர்ஸ். அந்தக் குரலில் அவளுக்கே நம்பிக்கை இல்லை. "ஒரு நாலு மணி நேரம் போகட்டும். வாடை அடங்கினதும், வழுக்கி விழுந்துட்டார்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிடலாம்."

தையல்காரி பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். குறட்டை ஒரு மாதிரி இருந்தது. தண்ணீர் கொப்பளிப்பதுபோல ஓர் இழுப்பு. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஓர் இழுப்பு. அடிக்கடி அவன் வாயருகே குனிந்து மோந்து பார்த்தாள். மூன்றாவது மணி நேரத்தில் வாடை குறைந்தது போலிருந்தது. நர்சைக் கூப்பிடச் சந்தோஷமாக எழுந்தாள். அப்போதுதான் குறட்டை நின்றுபோயிருப்பது உறைத்தது.

மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, விழுந்தவுடன் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர். நர்ஸ் அதன் பிறகு அவள் வாசலைத் தலைகுனிந்தபடியே கடந்தாள்.

தையல் மெஷினில் உட்கார்ந்தால் மத்தியானங்களில் அந்தக் குறட்டை கேட்டது. மிதித்தால் அமுங்கும், காலை எடுத்தால் கேட்கும். அதனால் தைக்கத் துணி இல்லாதபோதும் மிதித்துக்கொண்டே இருந்தாள். வெறும் ஊசி ஏறி இறங்கியது.

"உனக்குக் கேக்கலையாடி?" என்று ஊரிலிருந்து வந்த தங்கையிடம் கேட்டாள்.

"ஒண்ணும் கேக்கலைக்கா. நீ சரியாத் தூங்கறதே இல்ல, அதான்."

ஐந்தாம் மாதம் ஒரு நாள், எவ்வளவு வேகமாக மிதித்தும் குறட்டை அமுங்கவில்லை. எழுந்து போய்ச் சுவரில் காதை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பெயின்டர் வீடு.

ஓடிப்போய்த் தட்டினாள். பெயின்டர் பெண்டாட்டி விரலளவுக்குக் கதவைத் திறந்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. உடம்பு முடியாம படுத்திருக்கார்."

"எங்க விழுந்தார்?"

அவள் தெருவை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "ஏணியிலேருந்து. சத்தம் போடாதீங்கக்கா, வாடை போனதும் கூட்டிட்டுப் போறேன். இவருக்கும் ரெண்டாவது. மூணு வருஷம் உள்ள போயிட்டா ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

தையல்காரி அங்கேயே நின்று ஆம்புலன்சைக் கூப்பிட்டாள்.

பெயின்டர் பிழைத்தான். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது அவன் கால் கட்டிலோடு விலங்கிடப்பட்டிருந்தது. கட்டுப் பிரித்ததும் நேரே மூன்று வருஷத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் பெண்டாட்டி நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாள். ஒரே ஒரு தடவை, குழாயடியில், தையல்காரியிடம் பேசினாள்.

"உசிரைக் காப்பாத்துனீங்க, இல்லேங்கல. ஆனா ஆளைத் திருப்பித் தரலையேக்கா."

தையல்காரி நிரம்பாத குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். காட்டிக்கொடுத்தவள் என்று தெருவில் துணி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மத்தியானக் குறட்டை மட்டும் நிற்கவில்லை.

ஒரு காலையில் ஏட்டு வந்தார். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம். வாசலில் நின்று உரக்கப் படித்தார்: "போதைக் குற்றவாளி குறித்துத் துணிவுடன் தகவல் அளித்துச் சட்டத்துக்கு உதவிய பொறுப்புள்ள குடிமகள்..." குடிமகள் என்றதும் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெயின்டர் பெண்டாட்டி வேலைக்குக் கிளம்பியவள் அப்படியே நின்றாள்.

"நான் யாரைப் பத்தியும் தகவல் குடுக்கலையே சார். ஒரு மனுஷன் சாகக் கிடக்கறார்னு ஆம்புலன்சைத்தான் கூப்பிட்டேன்."

"அதுதாம்மா தகவல். உங்க போனை வச்சுத்தான் கேஸே. வாங்கிக்குங்க."

"ஆம்புலன்ஸ் கூப்பிட்டாள்னு மாத்தி எழுதிட்டு வாங்க, வாங்கிக்கறேன்."

ஏட்டு கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதுக்குன்னு தனியா ஒண்ணும் அச்சடிக்கலம்மா."

"அப்ப எடுத்துட்டுப் போயிடுங்க." பிறகு தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "நாளைக்கு இன்னொருத்தர் விழுந்தாலும் கூப்பிடுவேன். நீங்க அப்பவும் இதைத் தூக்கிட்டு வராதீங்க."

ஏட்டு பத்திரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்பினார். அங்கே பதிவேட்டில் அவள் விலாசத்துக்கு நேரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. மறுத்தார் என்று எழுத அதில் வழியில்லை. சற்று யோசித்துவிட்டு, 'மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொண்டார்' என்று எழுதினார்.