சாவி கிடைக்கிற வரைக்கும்

ராசாத்தியின் மகன் அரவிந்தனுக்கு ஒன்றரை வயது. வலது விரை இன்னும் விரைப்பைக்குள் இறங்கவில்லை. பெரம்பலூர் டாக்டரம்மா ஹார்மோன் ஊசி போட்டுப் பார்த்தார், அசையவில்லை. திருச்சியில் ஆபரேஷனுக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். வயிற்றுச் சூட்டிலேயே கிடந்தால் விரை கெட்டுப்போகும், நாளைக்கு அவனுக்குப் பிள்ளை பிறப்பதே சிக்கலாகலாம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

வீட்டில் எவருக்கும் அவசரமில்லை. குலசாமிக்கு முதல் முடி கொடுக்காத பிள்ளைமேல் கத்தி படக்கூடாது என்று மாமனார் வைத்திலிங்கம் சொல்லிவிட்டார். குலசாமியோ பூட்டுக்குள் கிடந்தது. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று அவருக்கும் தம்பிக்கும் அடிதடியாகி, கோயில் சாவி தம்பி வீரமுத்துவிடம் போய்விட்டது. ராசாத்தி அவர் வீட்டுக்கே போய்க் கேட்டாள். அண்ணன் வந்து கேட்டால் தருவதாகச் சொன்னார். அண்ணனிடம் சொன்னால், அவனே கொண்டுவந்து கொடுக்கட்டும் என்றார்.

இதற்கு நடுவே அவள்மேல் பழி வேறு. வயிற்றுப் பிள்ளையோடு கரும்புக்கட்டு தூக்கியதால்தான் மேலே ஏறிக்கொண்டதாம். இன்னும் நாலு ஊசி போட்டால் இறங்கிவிடுமாம். இரண்டையும் அவள் டாக்டரம்மாவிடம் ஏற்கெனவே கேட்டிருந்தாள்.

"சுமைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. ஆம்பள ஹார்மோன் ரத்தத்துல வருது. அத வாங்கிக்கிற ஏற்பின்னு ஒண்ணு அந்த எடத்துல இருக்கணும். அது சரியா வேல செய்யலன்னா எறங்காது. இவனுக்கும் அப்படித்தான் இருக்கும்போல. வாய்க்கால்ல தண்ணி வந்து என்ன, வயல் மடை தெறக்கலியே. இன்னும் ஊசி போட்டு என்ன ஆவப்போவுது?"

இதை ராசாத்தி வீட்டில் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் வைத்திலிங்கம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். புருஷன் மணிவேல் அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை காலையில் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எறையூர் சர்க்கரை ஆலைக்கு எதிரே உள்ள சலூனுக்குப் போனாள். மொட்டையடித்து, தலையில் சந்தனம் தடவிக் கூட்டிவந்தாள். மஞ்சள் துணியில் முடிந்த முடியை மாமனார் கட்டில்மேல் வைத்தாள்.

"சாமி குத்தம் ஆயிடும்டி."

"ஆவட்டும் மாமா. குத்தம் என் தலையில இருக்கட்டும். நீங்க அண்ணனும் தம்பியும் என்னைக்காவது கோயிலத் தெறந்தா இதப் போடுங்க."

திருச்சிக்குப் பை ஏற்கெனவே கட்டியிருந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது மணிவேல் வேர்த்து விறுவிறுக்க வந்தான். கையில் பிள்ளையின் பால் டப்பா.

"மறந்துட்டு வந்துட்ட" என்றான். அப்புறம், "நானும் வரட்டுமா?"

பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

"இதையும் ஒங்கப்பாகிட்ட கேட்டுட்டு வரீங்களா?"

பிள்ளையை அவன் கையில் திணித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அவள் முதலில் ஏறினாள்.